அளவு பூஜ்யம்

மார்ச் 9, சனி

அரை நாள் வேலை. செயலாளர் நல்லதம்பி சார் சனிக்கிழமை அச்சுக்கூடத்துக்கு வரமாட்டார். அதற்காகவே எனக்குச் சனிக்கிழமை பிடிக்கும்.

இன்று மெஷினைச் சுத்தம் செய்தேன். என் சிநேகிதன் ஞானராஜ் பதினான்கு வருஷத்துக்கு முன் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர். பிரெயில் புத்தகம் அடிக்கிற புள்ளி அச்சு இயந்திரம் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும், புதுக் கம்ப்யூட்டர் எதனோடும் ஒட்டாது. நானும் அப்படித்தான். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை மெஷின் வாசித்துச் சொல்லும், நான் கேட்டு வேலை செய்வேன்.

இடம் இல்லை, இடம் இல்லை என்று ஒரு வாரமாக ஒரே புலம்பல். பழைய பிரதிகளை அழித்தேன். பிறகு பட்டியலைக் கேட்டால், அளவு பூஜ்யம், அளவு பூஜ்யம் என்று ஆயிரத்துக்கு மேல் கோப்புகள். உள்ளே ஒன்றுமே இல்லை. பேருக்கு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆட்கள் மாதிரி. ஒரே கட்டளையில் அத்தனையையும் கூட்டித் தள்ளினேன். மனசு லேசாகிவிட்டது.

இசக்கியிடமும் பீற்றிக்கொண்டேன். "காலி ஃபைல் ஒண்ணு விடாம டெலிட் பண்ணிட்டேன்."

"நீங்களும் பெருக்க ஆரம்பிச்சிட்டியளா சார்? அப்ப என் வேலை போச்சு" என்றாள்.

பெருக்குவது, தாள்களைக் கோத்துத் தைப்பது, எனக்கு ஒப்பு வாசிப்பது, மூன்றும் அவள் வேலை. ஒப்பு வாசிப்பு என்றால், அடித்த பிரெயில் பக்கத்தை நான் விரலால் தடவிக்கொண்டு போக, அச்சுப் புத்தகத்தை அவள் உரக்க வாசிப்பாள். எட்டாம் வகுப்புதான் படிப்பு. ஆங்கிலம் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்வாள். உள்ளதை உள்ளபடி, ஒரு புள்ளி விடாமல் வாசிக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவைத்தேன். ஆறு வருஷத்தில் ஒரு வரி விட்டதில்லை.

ஒரு மணிக்கு மெஷினை முறைப்படி நிறுத்திவிட்டு வந்தேன்.

நாளின் கடைசி வரி நன்றிக்கு. பள்ளி விடுதியில் வார்டன் பழக்கிவிட்டது, நாற்பது வருஷமாக விடவில்லை. இன்றைய நன்றி: மெஸ்ஸில் சாளை மீன் குழம்பு. மெஷினில் காலி இடம்.

மார்ச் 11, திங்கள்

மெஷின் பேசவில்லை.

விசிறி சுற்றுகிறது, டிஸ்க் கரகரக்கிறது, அப்புறம் சத்தமே இல்லை. பத்து நிமிஷம் காத்திருந்தேன். இசக்கியைக் கூப்பிட்டு ஸ்கிரீனைப் பார்க்கச் சொன்னேன். கடைசி வரியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். எச்சரிக்கை, முதல் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டு நின்றுவிட்டதாம். கன்சோல் என்றால் திரையும் விசைப்பலகையும் சேர்ந்தது. திரையைத் திறக்க முடியவில்லை என்று திரையிலேயே எழுதிவைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து நல்லதம்பி சார் வந்தார். மேசைக்கு அடியில் குனிந்தவர், "பிளக்கை யாரு பிடுங்கினது?" என்றார்.

"நான்தான் சார். காலைல துடைக்கையில எடுத்தேன். திரும்ப மாட்டிட்டேன்" என்றாள் இசக்கி. மாட்டியிருந்தாள், ஆனால் வேறு ஓட்டையில்.

"பதினாலு வருஷமா ஓடுன மெஷினு. நீ பிளக்கைப் பிடுங்கி ஒழிச்சுக்கட்டிட்டியே. இருபத்தெட்டாம் தேதி கமிட்டி கூடுது. உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கணுமா வேண்டாமான்னு அன்னைக்குப் பேசிக்கிடுவோம்." என் பக்கம் திரும்பினார். "இஸ்ரவேல் சார், என்ன நடந்துச்சுன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. அதை வச்சு முடிவு பண்ணுவோம்."

சரி என்றேன். நிறுத்திய மெஷினின் பிளக்கைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

அவளுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். புருஷன் விட்டுவிட்டுப் போய் வருஷம் எட்டு. மகள் பத்தாம் வகுப்பு.

நன்றி: நல்லதம்பி சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 12, செவ்வாய்

மெஷின் பேசவில்லை. வெயில். நன்றி: பழைய ஸ்லேட்டும் ஊசியும். இந்த நோட்டை அவற்றால்தான் குத்துகிறேன், கரண்ட் வேண்டாம்.

மார்ச் 13, புதன்

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஞானராஜைப் பிடித்தேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில். இப்போது ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அவனுக்கும் கண் தெரியாது.

"கன்சோலைத் திறக்க முடியலையா? அப்ப கதவே காணாமப் போச்சுலே" என்றான்.

"என்னலே கதவு?"

"திரை, கீபோர்டு, ஸ்பீக்கரு, பிரிண்டரு, ஒவ்வொண்ணுக்கும் லினக்ஸ்ல ஒரு பேரு வச்ச கோப்பு உண்டு. அது வழியாத்தான் உள்ள இருக்கவன் வெளிய இருக்க சாமான்கிட்ட பேசணும். வாசல் மாதிரின்னு வச்சுக்கோ. அதுக்குள்ள ஒண்ணும் இருக்காது. அளவு பூஜ்யம். ஆனா அது இல்லேன்னா மெஷினுக்குத் தன் திரை எங்க இருக்குன்னே தெரியாது. புது மெஷின்ல எழும்பும்போதே தானா உண்டாக்கிக்கிடும். உன்னது பழசு. போனா போனதுதான்."

மெஸ்காரர் இன்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார் போல. பாதியில் வைத்துவிட்டேன்.

"கடைசியா நல்லா ஓடுன அன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேட்டான்.

"வழக்கமான வேலைதான்" என்றேன்.

கூரியரில் ஒரு சிடி அனுப்புகிறானாம். அதைப் போட்டு எழுப்பி, டிஸ்க்குக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமாம். "உனக்கு ஸ்கிரீனை வாசிக்க ஆள் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

நன்றி: ஞானராஜ். நாற்பது வருஷமாக என் போனை ஒரு தடவையும் கட் பண்ணாதவன்.

மார்ச் 16, சனி

வேலை இல்லாமல் அரை நாள். இசக்கி தட்டாம்பயறு சுண்டல் கொண்டுவந்தாள். காரம் தூக்கல். மின்விசிறி வேறு கடகட என்று உயிரை வாங்கியது.

தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "சார், பிளக்கை எடுத்ததாலயா மெஷினு போச்சு?"

"தெரியலம்மா. ஞானராஜ் சிடி வரட்டும்" என்றேன்.

"பிள்ளைக்குப் பரிச்சை நடக்கு. அவகிட்ட ஒண்ணும் சொல்லல. இருபத்தெட்டு வரைக்கும் சொல்ல வேண்டாம்னு இருக்கேன்."

விசிறியை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். அறிக்கை இன்னும் தொடங்கவில்லை.

நன்றி: சுண்டல்.

மார்ச் 19, செவ்வாய்

நீளமாக எழுத வேண்டிய நாள். விரல் வலிக்கிறது.

காலையில் சிடி வந்தது. பதினோரு மணிக்கு ஞானராஜை ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசைமேல் வைத்தேன். நான் விசைப்பலகையில், இசக்கி ஸ்கிரீனுக்கு முன்னால். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு கண். நல்லதம்பி சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லையாம், ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை.

சிடி எழும்பியது. ஞானராஜ் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், வருவதை அவள் வாசித்தாள். எங்கள் டிஸ்க்கைத் திறந்தோம். வாசல் கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தைப் பட்டியல் போட்டோம். நூற்றுக்கணக்கில் வர வேண்டுமாம்.

"ஏழு வரிதான் சார் இருக்கு" என்றாள்.

"கன்சோல்னு ஒண்ணு இருக்காம்மா? சி, ஓ, என், எஸ்..."

"இல்ல சார்."

"நல்? என், யு, எல், எல்."

"அதுவும் இல்ல சார்."

ஞானராஜ் விசில் அடித்தான். "சுத்தமாத் தொடைச்சிருக்கு. ஓடிக்கிட்டு இருக்கையில கரண்டு போயி டிஸ்க்கு அடிவாங்குனாலும் இப்படி ஆகலாம். இல்ல, யாரோ கையால அழிச்சிருக்கணும்."

"கையாலன்னா?" என்றார் நல்லதம்பி சார்.

"சொல்லிரலாம் சார். அடிக்கிற கட்டளையெல்லாம் ஒரு கோப்புல வரிசையாப் பதிவாகும். இஸ்ரவேலு, அதைத் திறந்து கடைசிப் பத்து இருபது வரியைப் போடு. அம்மா, நீங்க வாசிங்க."

நான் அடித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிசகி, மறுபடி அடித்தேன். விரல்கள் வியர்த்திருந்தன. அந்த அறையில் எப்போதும் புழுக்கம்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்து எழுத்தாக, அவசரப்படாமல், ஒப்பு வாசிக்கிற அதே குரலில். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த வரி. வரலாறு மூன்றாம் தொகுதியைத் திறந்தது. நான்கை அச்சுக்கு அனுப்பியது. பழைய பிரதிகளை அழித்தது. அடுத்து என்ன வரும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக் கையைப் பிடித்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் கொஞ்சம் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"அவ்வளவுதான் சார்" என்றாள்.

"அப்ப யாரும் அழிக்கல. கரண்டுதான்" என்றான் ஞானராஜ்.

"நான் சொல்லலை?" என்றார் நல்லதம்பி சார்.

அந்த வரி பதிவாகவில்லை. மெஷினுக்கும் ஞாபகம் பிசகும் போல. கடைசியில் அடித்தவை சில சமயம் பதியாமல் போவதுண்டு என்று எங்கோ கேட்டிருக்கிறேன்.

பிறகு வேலை நடந்தது. வாசல்களைக் கையால் உண்டாக்கினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இரண்டு எண். ஞானராஜ் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். கன்சோலுக்கு ஐந்து, ஒன்று. நல்லுக்கு ஒன்று, மூன்று. டிஸ்க்குக்கு எட்டு, ஒன்று. நான் அடிப்பேன், அவள் திருப்பி வாசிப்பாள், அவன் ம் என்பான். சிடியை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பியபோது, "சார், பேரு கேக்குது சார்" என்று இசக்கி எழுந்தே விட்டாள். மெஷின் கண் விழித்துவிட்டது. வாய்தான் இன்னும் திறக்கவில்லை. ஒலிக்கான வாசல், புள்ளி அச்சுக்கான வாசல், பேச்சு நிரலில் காணாமல் போன சில்லறைகள் எல்லாம் பாக்கி.

நன்றி: ஞானராஜ். கோயம்புத்தூர் கூரியர். அந்த வரி

(இந்த வரியை முடிக்கவில்லை. ஊசி நழுவிவிட்டது.)

மார்ச் 22, வெள்ளி

ஒலி இன்னும் இல்லை. ஞானராஜுக்குக் கல்லூரியில் ஏதோ தேர்வு, திங்கள்வரை நேரமில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'மின் இணைப்புத் துண்டிக்கப்பட்டதன் காரணமாக' என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். தாளைத் தடவிப் பார்த்தேன். புள்ளிகள் நன்றாகத்தான் எழும்பியிருந்தன. ஆனாலும் கிழித்துவிட்டேன்.

நன்றி எழுதத் தோன்றவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் நாள்.

மார்ச் 26, செவ்வாய்

பேசிவிட்டது!

ஒலிக்குப் பதினான்கு, மூன்று. புள்ளி அச்சுக்கு ஆறு, பூஜ்யம். மூன்றரை மணிக்கு மறுபடி எழுப்பினோம். விசிறி, டிஸ்க், அப்புறம் சின்னதாக ஒரு கொரகொரப்பு, அதே மூக்கடைத்த குரல். பெயரைக் கேட்டது. நான் அழுதேன். அதை எழுதுவதில் என்ன வெட்கம்? என் வேலையே இந்தக் குரல்தான். ஞானராஜ் போனில் கெக்கெக்கே என்று சிரித்தான். இசக்கி கை தட்டினாள். வரிசையில் காத்துக்கிடந்த ஒரு பக்கத்தை அச்சு இயந்திரம் தானாகவே அடித்தது, தடவிப் பார்த்தேன், ஒரு புள்ளி குறையவில்லை.

நாலரைக்கு அவள் தாள் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். போனையும் வைத்தாயிற்று. நான் மட்டும். கடைசியாக அடித்த கட்டளையை மேல் அம்பை அழுத்தினால் மெஷின் சொல்லும். பழுது பார்த்ததெல்லாம் சிடி வழியாக, அது இந்தப் பதிவில் ஏறாது. மெஷின் எழுந்த பிறகு நான் இன்னும் ஒன்றும் அடிக்கவில்லை, ஆகவே பழைய பதிவிலிருந்துதான் வரும். வராது என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அழுத்தினேன்.

ஒரு அழுத்து. ஹால்ட் என்றது. மெஷினை நிறுத்துகிற கட்டளை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நான் அடித்தது.

இன்னொரு அழுத்து. கண்டுபிடி, அளவு பூஜ்யம், டெலிட்.

மூன்றாவது அழுத்தில் பழைய பிரதிகள் வந்தன. இசக்கி அன்றைக்கு வாசித்து நிறுத்திய இடம்.

பதிவாகாமல் போகவில்லை. இரண்டு வரியும் இருந்திருக்கின்றன. ஆறு வருஷத்தில் ஒரு வரி விடாதவள் அன்றைக்கு இரண்டு வரியை விட்டிருக்கிறாள். அழித்தது நான் என்று சொல்கிற வரி ஒன்று. பிளக்கைப் பிடுங்கும்போது மெஷின் நின்றேதான் இருந்தது என்று சொல்கிற வரி ஒன்று. அவளைக் காப்பாற்றக்கூடியவை அந்த இரண்டும்தான்.

இங்கே ஒளித்து என்ன ஆகப்போகிறது? அளவு பூஜ்யம் என்று ஞானராஜ் சொன்ன நிமிஷமே எனக்குத் தெரியும். டீயில் சர்க்கரை இருந்தது.

மார்ச் 27, புதன்

காலையில் அவள் பெருக்கி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"இசக்கி, அன்னைக்கு ரெண்டு வரியை ஏன் விட்டே?"

துடைப்பம் நின்றது. "எந்த வரி சார்?"

"மெஷின் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டும்மா."

அதைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. "செயலாளர் சார் முதுகுக்குப் பின்னால நின்னாரு. டி, இ, எல்னு கண்ணுல பட்டுச்சு. நீங்க சனிக்கிழமை சந்தோசமாச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. நாக்கு எழும்பலை சார்."

"உன் வேலை போயிருமே."

"பெருக்குறதுக்கு ஊருல வீடா இல்ல? உங்களை இந்த மெஷினை விட்டு எந்திரிக்கச் சொன்னா எங்க போவீய?"

"நான் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே. பதினாறு நாளா."

"பேசுவீயன்னு நினைச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "முதல் ரெண்டு நாளு நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "தரை ஈரமா இருக்கு, பாத்துப் போங்க சார்" என்றாள்.

மத்தியானம் ஞானராஜுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டா இடம் எப்படிலே காலியாகும்? கணக்குல நீ அன்னைக்கும் மக்கு, இன்னைக்கும் மக்கு" என்றான். சிரித்துவிட்டு, குரலை இறக்கி, "அந்தம்மா வாசிக்கலேன்னா நம்ம ரெண்டு பேரும் இன்னும் இருட்டுலதான் தட்டிக்கிட்டு இருப்போம். நாளைக்குப் போயி ஒழுங்காச் சொல்லு" என்றான்.

அறிக்கையை ஒரே மூச்சில் அடித்தேன். மெஷின் எனக்கு வாசித்துக் காட்டியது. ஆபீஸ் பிரிண்டரில் மை அச்சுப் பிரதி ஒன்று எடுத்துவைத்தேன்.

மார்ச் 28, வியாழன்

கமிட்டியில் ஐந்து பேர். மிக்சர் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். நல்லதம்பி சார் என் கையிலிருந்த தாளை வாங்க வந்தார். "நான் வாசிச்சிருதேன் இஸ்ரவேல் சார்."

"வேண்டாம் சார். எனக்கு வாசிக்கிற ஆள் இசக்கிதான். அவளைக் கூப்பிடுங்க" என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். தாளைக் கொடுத்தேன். தேதி, பொருள், பெறுநர் எல்லாம் வாசித்தாள். 'மார்ச் ஒன்பதாம் தேதி மதியம் ஒரு மணிக்கு மெஷின் முறைப்படி நிறுத்தப்பட்டது. எனவே பதினோராம் தேதி பிளக் எடுக்கப்பட்டதற்கும் பழுதுக்கும் தொடர்பு இல்லை.' அதுவரை அதே ஒப்பு வாசிப்புக் குரல்.

அங்கே நின்றாள். அடுத்த வரி அவள் கண்ணில் பட்டிருக்கும். தாள் சலசலக்கும் சத்தம் கேட்டது. அவள் தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான் சார் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வாசிம்மா" என்றேன். "உள்ளதை உள்ளபடி. ஒரு வரி விடக் கூடாது."

வாசித்தாள். "வாசல் கோப்புகளை அழித்தது நான். தெரிந்த பிறகும் பதினைந்து நாள் சொல்லாமல் இருந்தேன். மெஷின் மறுபடி பேசுகிறது என்றால், இசக்கியம்மாள் திரையில் வந்த ஒவ்வொரு எழுத்தையும் வாசித்ததால்தான்." தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று. ஆனால் விடவில்லை.

ஒருவரும் மிக்சரைத் தொடவில்லை. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, மூன்று மாதம் மெஷினில் எதையும் அழிக்கத் தடை. அவளுக்கு இன்னும் பதினோரு மாதம் நீட்டிப்பு. நல்லதம்பி சார் அவளிடம், "நீ மாட்டுன ஓட்டை மட்டும் தப்பு" என்றார். அவருக்கு அதுதான் வரும்.

சாயங்காலம் வரலாறு ஐந்தாம் தொகுதியை எடுத்தோம். நான் விரலை வைத்தேன், அவள் வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில், "சார், ஒரு வரி தள்ளிப் போயிட்டேன், திரும்ப வாசிக்கேன்" என்றாள்.

நன்றி: இசக்கி.